ஆறு பிடி ஒரு கோப்பை

சிலெக்வா வகுப்பில் தூங்கமாட்டாள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறதே, அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். கண் பலகையில் இருக்கும், பேனா நோட்டில் இருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டாள்.

"மும்பாம்மா ஏரிக்குப் போயாச்சு," என்பான் பக்கத்து நாற்காலிக்காரன் கட்டோங்கோ. மும்பா அவளுடைய மகள். பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கிட்வே ஊரில் கூப்பிடுவார்கள். கட்டோங்கோவுக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை. நாற்பத்திரண்டு வயதில் படிக்க வந்தவன். வகுப்பில் இருக்கிறவர்களைக் கேலி பண்ணுவதற்கென்றே ஃபீஸ் கட்டியவன் மாதிரி நடந்துகொள்வான்.

ஏரி என்று அவன் சொன்னது உண்மைதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் சிலெக்வா ஒரே ஒரு தடவை, மீன் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே போய் மலிவாக வாங்கிவரலாம் என்று பஸ் ஏறி, ஒன்றரை நாள் குலுங்கி, ம்புலுங்கு ஏரிக்கரையில் இறங்கினாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கரை மணல் முழுக்கக் கப்பெண்டாவைக் காயப்போட்டிருந்தார்கள். நெத்திலியைவிடச் சின்ன மீன், விரல் நீளம்கூட இல்லை. ஆயிரம், பத்தாயிரம், எண்ணிக்கையே இல்லாமல். வெயில் பட்டதும் கரையே வெள்ளித் தகடாகி ஒரு முறை மூச்சு விட்டது போலிருந்தது. அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பஸ் செலவோடு பார்த்தால் அந்தப் பயணத்தில் நஷ்டம்தான். ஆனால் அதற்கப்புறம் மனசு கொஞ்சம் அயர்ந்தால் போதும், கால் தானாக அந்த மணலுக்குப் போய்விடும்.

கிட்வேயின் பெரிய சந்தையில் பதினோரு வருஷமாக அவளுக்குக் கப்பெண்டா கடை; மீனைக் கோப்பையால் அளந்து விற்பாள். அதற்கு முன் தக்காளி, அதற்கும் முன் யாரோ வீட்டில் துணி தேய்த்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள். அந்த வருஷம் அப்பாவின் சுரங்கத்தில் ஆள்குறைப்பு. அத்தோடு படிப்பு நின்றது. முப்பத்து மூன்று வயதில், மும்பாவை மேல்வகுப்பில் சேர்த்த அதே வாரத்தில், தானும் தொலைதூரப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். வருஷத்தில் பதினொன்றரை மாதம் வீட்டிலிருந்து படிக்கலாம். ஆகஸ்டு மாதம் இரண்டு வாரம் மட்டும் அதே ஊரிலிருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் உட்கார வேண்டும். அந்த இரண்டு வாரமும் பக்கத்துக் கடை கபாசோவின் அம்மாதான் அவள் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள்.

"போ, புரொபசர், போ. நீ வர்றதுக்குள்ள உன் மீன எல்லாம் நான் தின்னுட்றேன்," என்பாள் கபாசோ அம்மா. ஒரு மீன்கூடக் குறையாது.

மூன்றாம் வருஷத்தில்தான் முட்டுக்கட்டை விழுந்தது. நிர்வாகக் கணக்கியல். போன ஆகஸ்டில் முப்பத்தெட்டு மதிப்பெண். ஒரே பாடத்தில் இரண்டாம் தடவையும் ஐம்பதைத் தொடவில்லை என்றால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். மூன்று வருஷமும் மண்ணாகிவிடும். அதை அவள் மும்பாவிடம் சொல்லவில்லை, சுரங்க லாரி ஓட்டி இரண்டு வாரத்துக்கொரு முறை வீட்டுக்கு வரும் கணவனிடமும் சொல்லவில்லை. தன்னிடம் மட்டும் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது சொல்லிக்கொண்டாள்.

இந்த வருஷம் பாடம் எடுத்தவர் சியாமே. இருபத்தொன்பது வயது. வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி ஆறு மாதம்தான் ஆகிறது. வகுப்புக்குள் நுழையுமுன் வாசலில் நின்று, ஷூவில் படிந்த ஆகஸ்டுப் புழுதியைக் கைக்குட்டையால் துடைப்பார். தன்னைவிட மூத்தவர்கள் எல்லாரையும் மேடம், சார் என்பார். ஆனால் மதிப்பெண்ணில் அந்த மரியாதை இருக்காது.

முதல் நாள் பலகையில் இரண்டு கோடு போட்டார். ஒரு கோடு மூலையில், பூஜ்யத்திலிருந்து கிளம்பி மேலே ஏறியது. அது விற்பனை. இன்னொரு கோடு ஏற்கெனவே பாதி உயரத்திலிருந்து கிளம்பியது. அது செலவு.

"ஒரு சாமான்கூட விக்கலைன்னாலும் வாடகை குடுத்துத்தானே ஆகணும்? அதனாலதான் செலவு அங்க இருந்து ஆரம்பிக்குது. ரெண்டும் எந்த எடத்துல சந்திக்குதோ அங்க லாபமும் இல்ல, நட்டமும் இல்ல."

ஜன்னலுக்கு வெளியே புல் எரித்த புகை தரையோடு தரையாகக் கிடந்தது. சூரியன் அதற்குள் சிவப்பாக, சூடில்லாமல் தொங்கியது. சிலெக்வா பலகையைப் பார்த்தாள். கோடுகள் பாதைகளாயின. ஒரு பெண் அடிவாரத்திலிருந்து தலையில் சுமையோடு ஏறுகிறாள். இன்னொருத்தி பாதி மலையில் நிழலில் உட்கார்ந்திருந்து, இவளைக் கண்டதும் சோம்பலாக எழுந்து நடக்கிறாள். எங்கே சந்திப்பார்கள்? சந்தித்ததும் என்ன பேசுவார்கள்?

"மும்பாம்மா, கரைக்கு வந்துடு. கேள்வி கேக்குறாரு."

சியாமே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், நீங்க வியாபாரம் பண்றீங்கதானே? உங்க கடைக் கணக்கையே சொல்லுங்க. ஒரு கப்பு என்ன வெல?"

"இருபது குவாச்சா சார்."

"ஒரு கப்பு மீன் உங்களுக்கு அடக்கம்?"

"பன்னெண்டு."

"கடை வாடகை, சந்தை வரி, காவக்காரன் எல்லாம் சேத்து மாசத்துக்கு?"

"ஆயிரத்து இருநூறு வரும் சார்."

சியாமே பலகையில் எழுதினார். இருபதில் பன்னிரண்டு போக எட்டு. ஆயிரத்து இருநூறை எட்டால் வகுத்தால் நூற்றைம்பது. "நூத்தம்பது கப்பு வித்தா உங்க செலவெல்லாம் அடைஞ்சுடும். நூத்தம்பத்தோராவது கப்புல இருந்து நீங்க பணக்காரி." வகுப்பு சிரித்தது.

சிலெக்வா சிரிக்கவில்லை. மாதம் பாதி ஆவதற்குள்ளேயே நூற்றைம்பது கோப்பை போய்விடும். ஒரு மாதம்கூட அந்த நேரத்தில் கையில் ஒன்றும் நின்றதில்லை. எங்கே போகிறது? அவள் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏரிக்கரைக்குப் போனாள். வெள்ளி மணலில் குந்தி, கோப்பையில் அள்ளி, குவித்து, யாருடைய பையிலோ கொட்டினாள். கொட்டியதும் கை மறுபடி குவியலுக்குப் போய் ஒரு சின்னப் பிடி எடுத்து மேலே போட்டது.

அந்தப் பிடியைப் பார்த்ததும் விழித்துக்கொண்டாள். கை மேசைக்கடியில் நிஜமாகவே மூடித் திறந்துகொண்டிருந்தது.

எம்பசேலா. கொசுறு. சந்தையில் தக்காளி வாங்கினால் ஒரு தக்காளி, கடலை வாங்கினால் நாலு கடலை, கப்பெண்டா வாங்கினால் ஒரு பிடி. யாரும் கேட்பதில்லை, யாரும் எழுதிவைப்பதில்லை. அன்று சாயங்காலம் அவள் சந்தைக்குப் போய், கபாசோ அம்மா பார்க்காத நேரத்தில், தன் கையால் பிடி பிடியாகக் கோப்பையில் போட்டுப் பார்த்தாள். ஆறு பிடிக்கு ஒரு கோப்பை நிறைந்தது. பன்னிரண்டை ஆறால் வகுத்தால் இரண்டு. அப்படியென்றால் ஒரு கோப்பை விற்றால் போகிற மீன் பன்னிரண்டுக்கு இல்லை, பதினாலுக்கு. மிச்சம் எட்டும் இல்லை, ஆறுதான். நூற்றைம்பது அல்ல, இருநூறு கோப்பை.

பதினோரு வருஷம் ஒழுகிய கூரையில் ஓட்டையைக் கண்டுபிடித்தவள் போல அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை வகுப்பு இல்லை. கடையில் அவளே நின்றாள். கொசுறை நிறுத்திவிடுவதென்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். முதலில் வந்தது வழக்கமாக வாங்குகிற தையல்கார அம்மாள். சிலெக்வா கோப்பையைக் குவித்து அளந்து பையில் கொட்டினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மாள் போகவில்லை. பையை மூடவும் இல்லை. இரண்டு கையாலும் வாயைத் திறந்து பிடித்தபடி, தெருவில் போகிறவர்களைப் பார்ப்பது போல நின்றாள். முகத்தில் கோபம் கிடையாது. மழை நிற்கட்டும் என்று ஓரமாக நிற்கிறவள் மாதிரி நின்றாள். சிலெக்வா கோப்பையை நகர்த்தினாள். சாக்கைச் சரிசெய்தாள். பை திறந்தே இருந்தது. கடைசியில் அந்த அம்மாள் மெதுவாகப் பையை முடிந்துகொண்டு, "உடம்பு சரியில்லையா, மும்பாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்து வந்தவரும் அப்படியே நின்றார். அதற்கடுத்தவளும்.

"கைக்கு என்ன, சுளுக்குப் புடிச்சுக்கிச்சா?" என்றாள் கபாசோ அம்மா தன் கடையிலிருந்து. "புரொபசருக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாங்களா, பை மேல கை போகக்கூடாதுன்னு?"

"கணக்குப் பாத்தேன். ஆறு பேருக்குக் குடுத்தா ஒரு கப்பு போவுது."

"ஆறு பேரு திரும்பி வர்றாங்கல்ல, அதுக்கு உன் கணக்குல எடம் இருக்கா?"

பத்து மணிக்குப் பிறகு அவள் கடை முன்னால் காற்றுதான் நின்றது. எப்படித்தான் தெரிந்ததோ, சந்தையின் மறுகோடியிலிருந்து வருகிறவர்கள்கூட அவளைத் தாண்டிக் கபாசோ அம்மாவிடம் போனார்கள். சனிக்கிழமையென்றால் முப்பத்தைந்து, நாற்பது கோப்பை போகிற கடையில் அன்று பதினொன்று போயிற்று. மூன்று மணிக்கு ஒரு சிறுமி வந்தாள். கோப்பையைக் கொட்டியதும் சிலெக்வாவின் கை, அவளைக் கேட்காமலே, குவியலுக்குப் போயிற்று. அவள் தடுக்கவில்லை. சிறுமி உடனே பையை மூடிக்கொண்டு ஓடினாள்.

அதோடு அந்தச் சோதனை முடிந்தது. வீட்டுக்கு நடக்கும்போது அவள் மனசு லேசாக இருந்தது, ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பிடி தருமம் இல்லை, வாடகை மாதிரி அதுவும் ஒரு செலவு என்று எங்கோ ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது. வாடகை நின்ற இடத்தில் நிற்கும், இது மட்டும் ஒவ்வொரு கோப்பைக்கும் பின்னாலேயே நடந்து வரும்.

வியாழக்கிழமை பரீட்சை. நாலாவது கேள்வியைப் படித்ததும் பின் வரிசையில் கட்டோங்கோ இருமினான். சியாமேவுக்குக் கற்பனை வறட்சி போலும். கேள்வியில் ஒரு கப்பெண்டா வியாபாரி இருந்தாள். ஒரு கோப்பை இருபது குவாச்சா, மீன் பன்னிரண்டு, மாதச் செலவு ஆயிரத்து இருநூறு. லாப நட்டமில்லாமல் இருக்க எத்தனை கோப்பை விற்க வேண்டும்?

தன் கடையைத்தான் கேட்கிறார்கள் என்று சிலெக்வாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கேள்வியைக்கூட இரண்டாம் தடவை படிக்கவில்லை. இருபதில் பதினாலு போக ஆறு, இருநூறு கோப்பை என்று இரண்டே வரியில் எழுதினாள். பதினாலு எப்படி வந்தது என்று எழுத வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அது தெரியாத ஒருவர் உலகத்தில் உண்டா? மிச்ச நேரத்தில் ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்தாள்.

திங்கள்கிழமை காலை முடிவை ஒட்டினார்கள். நாற்பத்தாறு.

அவள் பட்டியலின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். காகிதத்தின் ஒரு மூலை பசை விட்டுக் காற்றில் படபடத்தது. விரலால் அதை அமுக்கி ஒட்டிவிட்டாள். பத்திலிருந்து பதினொன்று வரை ஆசிரியரிடம் போய் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சியாமேயின் அறை வாசலில் இருந்தாள். கட்டோங்கோவும் அங்கே நின்றான். அவனுக்கு ஐம்பத்தெட்டு. வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

"நாலாவது கேள்விக்கு எட்டுக்கு ஒண்ணு போட்டிருக்கீங்க சார்."

சியாமே விடைத்தாளைப் புரட்டினார். "மேடம், பதினாலு எங்கேருந்து வந்துச்சு? பன்னெண்டுன்னு கொட்டை எழுத்துல குடுத்திருக்கேன். நீங்க வகுப்புல சொன்ன அதே கணக்கு."

"மீன் பன்னெண்டு சார். கொசுறு ரெண்டு."

"கேள்வியில கொசுறே கெடையாதே."

"கப்பு இருக்குல்ல சார்? கப்பு இருந்தா கொசுறு இருக்கும்."

"அவரு கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடையில பாக்கெட் மீன் வாங்குறவரு, மும்பாம்மா," என்றான் வாசலிலிருந்து கட்டோங்கோ. "பாக்கெட்டு எப்பவாவது கொசுறு குடுத்திருக்கா?"

"நீங்க வெளிய நில்லுங்க சார்."

"வெளியதான் நிக்கிறேன். காது மட்டும் உள்ள இருக்கு."

சியாமே பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "சரி, அப்படியே வெச்சுக்குவோம். அது நீங்களா குடுக்கிறது. வேணாம்னா நிறுத்திடலாம். நிறுத்தக்கூடிய ஒண்ண எப்படிச் செலவுல சேக்கிறது?"

"நிறுத்திப் பாத்தேன் சார். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை."

"என்னாச்சு?"

"பதினோரு கப்பு."

"எப்பவும் எவ்வளவு போவும்?"

"முப்பத்தஞ்சுக்குக் கொறையாது. யாரும் சண்டை போடல சார். பைய மூடாம நின்னாங்க, அவ்வளவுதான். எங்கிட்ட நின்னுட்டு, பக்கத்துக் கடைக்குப் போயிட்டாங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒரு தோட்டக்காரர் புழுதியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்கிய இடத்தில் காற்று உடனே வேறு புழுதியைக் கொண்டுவந்து வைத்தது.

"நீங்க சொல்றது தப்பில்ல மேடம். ஆனா இதையெல்லாம் நீங்க இப்ப என் ரூம்ல சொல்றீங்க. தாள்ல எழுதலையே. தாள்ல இருக்கிறதுக்குத்தான் நான் மார்க் போட முடியும்."

சிலெக்வா கையை நீட்டி விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஒரு கை வரைந்திருந்தது. விரல்கள் அரைவாசி மூடிய வலது கை. அதற்குப் பக்கத்தில் ஆறு சின்னக் கோடு, ஆறையும் வளைத்து ஒரு கோப்பை. அடியில் பன்னிரண்டை ஆறால் வகுத்து இரண்டு என்று போட்டிருந்தாள். ஏரிக்குப் போன நேரத்தில் கை தானாகப் போட்டது. போட்டதே அவளுக்கு நேற்றுத்தான் ஞாபகம் வந்தது.

"நான் இதை ஏதோ கிறுக்கல்னு நெனச்சேன்," என்றார் சியாமே. கோடுகளை எண்ணினார். ஒரு தடவை தன் கையையே அரைவாசி மூடிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். "கேள்விப்படி விடை தப்பு. அத நான் மாத்த முடியாது. வழி சரி. இன்னும் மூணு தரேன். நாப்பத்தொம்பது."

விடைத்தாளை அவளிடம் கொடுத்தார்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். மடிக்கவில்லை. இரண்டு கையாலும் திறந்து பிடித்தபடி, ஜன்னல் வழியே தோட்டக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அசையவில்லை.

"பரீட்சையில கொசுறு கெடையாது மேடம்."

"நான் கேக்கலையே சார்."

"கேக்காமதான் நிக்கிறீங்க."

சுவர்க் கடிகாரம் ஓடிற்று. சியாமே பெருமூச்சு விட்டு, கையை நீட்டி விடைத்தாளைத் திரும்ப வாங்கி, முதல் பக்கத்திலிருந்து மதிப்பெண்களை ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்கினார். ஐந்தாம் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. அங்கே அவள் போட்ட அந்த இரண்டு கோடுகளும் இருந்தன, அடிவாரத்துப் பெண்ணும் பாதிமலைப் பெண்ணும். படத்தைச் சுற்றிச் சிவப்பு டிக்குகள், ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண். விரல் ஒவ்வொன்றையும் தொட்டது. ஓரத்தில் ஏழு என்று போட்டிருந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எட்டு இருக்கு," என்றார் மெதுவாக. "கூட்டல்ல ஒண்ண விட்டிருக்கேன்."

சிலெக்வா குனிந்து, உதடு அசைய, தானும் எண்ணினாள். எட்டுத்தான்.

"இது கொசுறு இல்ல மேடம். உங்களுக்குச் சேர வேண்டியது. நான் பாத்திருக்கணும்." நாற்பத்தொன்பதை அடித்துவிட்டு ஐம்பது என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"கணக்கு வாத்தியாரே கூட்டல்ல கோட்டை விட்டா நாங்க எங்க போறது?" என்றான் கட்டோங்கோ.

"அடுத்த வருஷம் இந்தக் கேள்விய இப்படி விடமாட்டேன்," என்றார் சியாமே, அவனைப் பார்க்காமலே. "'வியாபாரி கொசுறு தருவதில்லை'ன்னு தெளிவா ஒரு வரி எழுதிடுவேன்."

"எழுதுங்க சார். ஆனா அப்புறம் அவகிட்ட யாரு வாங்குவா?" என்றாள் சிலெக்வா.

விடைத்தாளை அவள் இப்போதுதான் மடித்தாள். வெளியே வந்தபோது புகை கலைந்து வெயில் ஏறியிருந்தது. அழவில்லை. சந்தைவரை பஸ் ஏறாமல் நடந்தாள். தகரக் கூரைகள் மேல் வெயில் விழுந்து எல்லாக் கடையும் ஒரே வெள்ளித் தகடாகத் தெரிந்தது. அதற்குள் எங்கோ அவளுடைய கடை இருந்தது.

கபாசோ அம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "என்னாச்சு, புரொபசர்?"

"அம்பது."

"அம்பது போதுமா?"

"போதும்."

"அப்ப வந்து நில்லு. எனக்கு ஒண்ணுக்குப் போவணும், மூணு மணி நேரமா அடக்கிக்கிட்டிருக்கேன்."

சிலெக்வா கடைக்குள் போய்ப் பையை ஆணியில் மாட்டினாள். அந்தத் தையல்கார அம்மாள் வந்து நின்றாள், ஒன்றும் நடக்காத மாதிரி. இவளும் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையைக் குவித்து அளந்து பையில் கொட்டினாள். பன்னிரண்டு. கை குவியலுக்குப் போய் ஒரு பிடி எடுத்தது. இரண்டு, என்று அவள் உதடு சொல்லிற்று. பிடி விழுந்த சத்தம் காய்ந்த மணலில் காற்று நகர்வது போலிருந்தது. அம்மாள் பையை மூடிக்கொண்டாள்.